நாலு மாதக் கோடு

ஷோபனா மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பி வைத்தபோது திரையின் மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. தம்பையா அதை விரட்டிவிட்டுத்தான் கோட்டைப் பார்த்தான். நீல நிறத்தில் ஒரே கோடு. ஏறி, கொஞ்ச நேரம் நின்று, இறங்கி, படுத்துக் கிடந்து, மறுபடி ஏறி. மூன்று வருடத்து ஆறு. தினம் ஆறு வேளை படியிறங்கிப் போய் அளவுக்கம்பத்தைப் பார்த்து ரெஜிஸ்டரில் அவன் எழுதிய எண்கள் எல்லாம் சேர்ந்து இப்படி ஓர் உருவம் எடுக்கும் என்று அவன் நினைத்ததில்லை. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்போது வருகிற கூச்சம் வந்தது.

"ஆறாயிரத்துச் சொச்சம் ரீடிங் அண்ணா. எல்லாம் உங்க கையெழுத்துதான். டைப் பண்ணிப் பண்ணி எனக்கு உங்க ஏழும் ஒண்ணும் கனவுல வருது" என்றாள் ஷோபனா.

சென்னையிலிருந்து வந்தவள். ஆராய்ச்சி மாணவி. அணை போட்ட மலை ஆறுகளில் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் படிப்பு. ஆறு வாரமாக இங்கே இருந்தாள். வந்த முதல் வாரம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தாள், அட்டைப்பூச்சியைக்கூட. ஆற்றின் நடுவில் ஓர் இரும்புக் குழாயை அடித்து, அதற்குள் விரல் நீளத்தில் ஒரு கருவியை இறக்கி வைத்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது தானே அளந்து வைத்துக்கொள்ளும். போன வாரம் கம்பியை நீட்டி அதிலிருந்ததை உறிஞ்சி எடுத்துத் தம்பையாவின் நாலு வார எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். அவ்வளவுதான். அன்றைக்கு அவள் அவனுக்கு ஒரு பெரிய சாக்லேட் கொடுத்தாள். அவன் அதைத் தின்னாமல் வைத்திருந்து எறும்பு மொய்த்துவிட்டது.

"இங்க பாருங்க" என்று திரையில் ஓரிடத்தைப் பெரிதாக்கினாள். "இந்த நாலு மாசம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஜனவரிலேர்ந்து ஏப்ரல். எவ்ளோ அழகா இருக்கு பாருங்களேன். ஒரு பிசிறு கிடையாது. என் கைடு இதைப் பாத்துட்டு, இந்த ஆளு யாரும்மா, ஊருக்குக் கூட்டிட்டு வந்துடேன்னு சொல்றாரு."

தம்பையா பார்த்தான். சீப்பின் பற்கள் மாதிரி ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், நூறு நாளுக்கு மேல்.

"நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றான்.

அந்த நாலு மாதமும் அவன் ஆற்றுக்குப் போகவில்லை.

*

போர்ட் பிளேயருக்கு வடக்கே இந்தத் தீவில் ஆறு என்று சொன்னால் வேறு பெயர் தேவையில்லை, மற்றதெல்லாம் ஓடைதான். சேடில் பீக் மலையிலிருந்து இறங்குகிறது. தம்பையா தங்கியிருக்கிற ஆற்றங்கரை ஷெட்டுக்கு ஆறு கிலோமீட்டர் மேலே அணை. அணைக்குக் கீழே இரண்டு எந்திரம் ஓடுகிற மின்நிலையம். மழைக்காலத்தில் ஆறு தன் இஷ்டத்துக்கு வரும், போகும், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஜனவரியில் மழை நின்றுவிட்டால் அது ஆறே இல்லை, குழாய். மேலே திறந்தால் வரும், மூடினால் நிற்கும். பகலெல்லாம் திக்லிபூர் ஊருக்கு டீசல் எந்திரத்தில் கரண்ட் வருகிறது. சாயங்காலம் நாலரைக்கு, இங்கே சீக்கிரம் இருட்டிவிடுவதால், திக்லிபூர்க்காரர்கள் விளக்குப் போட ஆரம்பிப்பார்கள். டீசல் மட்டும் போதாது. மேலே தண்ணீரைத் திறந்து எந்திரத்தைச் சுற்றவிடுவார்கள். அந்தத் தண்ணீர் ஒன்றேகால் மணி நேரம் நடந்து, ஐந்தே முக்காலுக்குத் தம்பையாவின் கம்பத்துக்கு வரும். நாற்பத்திரண்டு சென்டிமீட்டரில் கிடந்த ஆறு ஒரு மீட்டரைத் தாண்டும். ஊர் படுத்ததும் அதுவும் படுத்துவிடும்.

கம்பத்தைப் பார்த்தே அவனுக்கு ஊர் தெரியும். பெங்காலிக்காரர்களின் சரஸ்வதி பூஜை அன்றைக்கு ஆறு வெகுநேரம் உயர்ந்தே நிற்கும். பள்ளிக்கூடப் பரீட்சை மாதத்தில் இறங்குவதற்குத் தாமதமாகும். கிரிக்கெட் இறுதி ஆட்டம் என்றால் இரண்டு சென்டிமீட்டர் கூடும். மொத்த ஊரும் சோறு பொங்கி, டிவி பார்த்து, பிள்ளைகளை அதட்டிப் படிக்கவைத்து, விளக்கை அணைப்பதெல்லாம் தண்ணீராக வந்து அவன் காலடியில் ஏறி இறங்கியது. அவன் அதை எழுதிவிட்டு வந்து காலையில் வைத்த ரசத்தைச் சூடு பண்ணுவான்.

அவனுக்கு வயது நாற்பத்தாறு. கட்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்து லைனில் பிறந்தவன். இலங்கைத் தோட்டத்திலிருந்து அங்கே கொண்டுவந்து இறக்கப்பட்ட குடும்பம். சுனாமிக்குப் பிறகு, கடலை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகிறேன் என்று வடக்கே வந்தான். தீவில் எவ்வளவு தூரம் போக முடியும்? இந்த ஆற்றங்கரைவரை. பதினான்கு வருடமாகத் தினக்கூலி மஸ்தூர். நிரந்தரம் ஆக்குகிறோம் என்று ஒரு பைல் போர்ட் பிளேயரில் எங்கோ இருக்கிறது. அது ஒவ்வொரு வருடமும் ஒரு மேசை நகர்கிறது, சில வருடம் பின்னாலும் நகர்கிறது.

அந்த ஜனவரிக்கு முந்தின டிசம்பரில் அவன் மனைவி சுசீலா, மகள் அகிலாவைக் கூட்டிக்கொண்டு போர்ட் பிளேயரில் சென்னைக் கப்பல் ஏறினாள். அண்ணன் வீட்டுக் கல்யாணம், ஒரு மாதம் என்றாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். ஜனவரி ஐந்தாம் தேதி போனில், "அகிலாவுக்கு இங்க ஸ்கூல் நல்லா இருக்கு" என்றாள். எந்த ஸ்கூல், யார் சேர்த்தது என்று அவன் கேட்கவில்லை. "அச்சா" என்றான். வைத்துவிட்டான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கவில்லை. ஒன்பது மணிக்கும் இல்லை. படுக்கையிலிருந்து பார்த்தால் ரெஜிஸ்டர் தெரியும். மூன்றாம் நாள் கையை நீட்டி அதை எடுத்து, படுத்தபடியே மூன்று நாள் எண்களையும் எழுதினான். கஷ்டமாக இல்லை. ஆறு என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாதா? காலை நாற்பத்திரண்டு. மதியம் நாற்பத்திரண்டு. சாயங்காலம் எழுபது. ஒன்பது மணிக்கு நூற்றுப் பதினாலு. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் யாராவது கேட்பார்கள் என்று இடையிடையே நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று போட்டான். பிறகு வாரத்துக்கு ஒருமுறை எழுதினான். பேனாவைக்கூட மாற்றிக்கொண்டான். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் காரணம் ஒன்றும் இல்லாமல் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு படியிறங்கினான். கம்பத்தில் நாற்பத்திரண்டு இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம்தான் வந்தது.

ஆனால் அந்த நாலு மாதத்தில் ஆறு ஒருமுறை தப்பியிருந்தது.

சிவராத்திரிக்கு மறுநாள் மத்தியானம் சொர்ணம்மா கதவைத் தட்டினாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருடமாக இங்கே இருப்பவள். வீடு இந்தக் கரை, பாக்குத் தோட்டம் அந்தக் கரை. கம்பத்துக்கு ஐம்பது அடி கீழே கல் போட்ட துறையில்தான் கடப்பாள். கதவைத் திறந்தபோது முழங்கைவரை ஈரமாக நின்றிருந்தாள். "எய்யா, என் ஆடு ரெண்டும் போச்சே. நட்ட நடு மத்தியானத்துல தண்ணி வந்து அடிச்சுட்டுப் போயிட்டே. நீ பாக்கலியா?" என்றாள். தம்பையா தாடியோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். "மேல மழை பெஞ்சிருக்கும்" என்றான். சேடில் பீக் உச்சியில் எப்போதும் ஒரு மேகம் குந்தியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு அவளும் போய்விட்டாள். அந்த நாளுக்கு அவன் மதியம் நாற்பத்திரண்டு என்று எழுதினான்.

அது மழை இல்லை என்று நாலு நாள் கழித்து டீக்கடை ஜமீல்தான் சொன்னார். டீசல் கொண்டுவருகிற கப்பல் தாமதமாகி, ஊரில் டீசல் தீர்ந்துபோய், வேறு வழியில்லாமல் பட்டப்பகலில் தண்ணீரைத் திறந்து எந்திரத்தை ஓட்டியிருக்கிறார்கள். தம்பையா டீயைக் குடித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டான். ரெஜிஸ்டரைத் திருத்தவில்லை. திருத்தினால் அடித்தல் தெரியும்.

*

ஷோபனா கிளம்புகிற நாள் காலை ஜமீல் கடையில் அதே பேச்சுத்தான்.

"டீசல் கதம், ஒரு சொட்டு இல்ல" என்றார் ஜமீல், பாலை ஆற்றிக்கொண்டே. "டீசல் ஜஹாஸ் இன்னும் போர்ட் பிளேயர் ஜெட்டிலயே கெடக்குதாம். காத்து சரியில்லயாம். ஏழு மணிலேர்ந்து சாயந்திரம் நாலு வரைக்கும் பூரா லைட் பந்த். என் ஃபிரிட்ஜுல மூணு கிலோ மீனு இருக்கு. நாத்தம் வந்தா ஒன் ஷெட்டுலதான் கொண்டாந்து கொட்டுவேன்."

"கொட்டுங்க. சொர்ணம்மா கருவாடு போட்டுக்கும்" என்றான் தம்பையா. காது கேட்டது, மனசு கேட்கவில்லை. மனசில் ஷோபனா நேற்றுச் சொன்னதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கணக்கை வைத்து ஒரு தகரப் பலகை எழுதி வாங்கியிருந்தாள். மழையில்லாத மாதங்களில் மாலை ஐந்து முதல் இரவு ஒரு மணிவரை ஆற்றைக் கடக்க வேண்டாம், மற்ற நேரம் பயமில்லை என்று இந்தி, பெங்காலி, தமிழ் மூன்றிலும். சாயங்காலம் துறையில் நடப்போகிறார்கள். பலகை ஷெட் சுவரில் சாய்ந்து நின்றது. பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை.

மற்ற நேரம் பயமில்லை. அந்த வரியை அவன் பத்துத் தடவை படித்திருப்பான். ஒருநாள் கூத்துத்தானே, வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று சொல்லிப் பார்த்தான். அப்படி ஒருமுறை வரும்போது துறையில் யாராவது நிற்க வேண்டும், அதுவும் நடு ஆற்றில் நிற்க வேண்டும். எத்தனை பேர் நிற்பார்கள்? பாக்குத் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் பதினைந்து பேர். பலகையைப் பார்த்துவிட்டால் பயமில்லாமல் நிற்பார்கள்.

சொல்லிவிடலாம் என்றால் அடுத்த கேள்வி வரும். எந்த நாள்? ரெஜிஸ்டரில் ஏன் இல்லை? அன்றைக்கு மட்டும்தான் இல்லையா? நாலு மாதம் கையை விட்டுப் போனால், கூடவே பைல் போகும், ஷெட் போகும். ஷெட் போனால் அவனுக்குப் போகிற இடம் என்று ஒன்று கிடையாது.

ஒன்பது மணி அளவு எடுத்துவிட்டு வந்தபோது ஷோபனா ஒரு தாளை நீட்டினாள். நேற்று ஊரில் பிரிண்ட் போட்டு வந்தது.

"உங்களைப் பெர்மனென்ட் பண்ணச் சொல்லி ஆபீசுக்குக் குடுக்கற லெட்டர் அண்ணா. ஒரு காப்பி உங்களுக்கு. நீங்க ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சிருப்பீங்க, கேக்கல. நானே எழுதிட்டேன்."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பன்னிரண்டு மணிவாக்கில் குழாயிலிருந்து கருவியைக் கழற்றி எடுக்க வேண்டும், அதற்கு முன் துறையில் அகலம் ஆழம் எல்லாம் கடைசியாக ஒருமுறை அளக்க வேண்டும் என்றாள். மதியம்தான் தண்ணீர் இருப்பதிலேயே குறைச்சல். "மழையில்லாத மாசத்துல, மூணு வருஷமும் ஒரு நாள்கூட மதியம் ஏறினதில்ல. உங்க புண்ணியம்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

தம்பையா நாற்காலியில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்தான். ஆங்கிலம். எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது. தன் பெயரை மூன்று இடத்தில் கண்டுபிடித்தான். திரு. தம்பையா என்று போட்டிருந்தாள். நம்பிக்கைக்குரிய என்ற வார்த்தை அவனுக்குத் தெரியும், கூட்டுறவு வங்கியில் சுவரில் எழுதியிருக்கும். அது இரண்டு தடவை வந்தது. கடிதத்தில் வியர்வை விழுந்துவிடுமோ என்று மேசைமேல் வைத்துப் படித்தான். மார்ச் மாத வெக்கை. தகரக் கூரை காய்ந்து சடசடவென்றது. கொஞ்ச நேரத்தில் மேலே விசிறி சுற்ற ஆரம்பித்தது. காற்று கழுத்தில் பட்டது. அப்பாடா என்றிருந்தது. கடிதம் பறக்காமல் இருக்க அதன்மேல் ரெஜிஸ்டரை எடுத்து வைத்தான். மணி பார்த்தான். பத்து ஐம்பது. அளவு எடுக்க இன்னும் நேரம் இருந்தது. காலை நீட்டிக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கடிதம் போர்ட் பிளேயருக்குப் போய், மேசை மேசையாக ஏறி, ஓர் அதிகாரி அதைப் படித்துவிட்டு இந்தத் தம்பையா யார் என்று கேட்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவனைப் பற்றி யாரோ யாரிடமோ கேட்கிறார்கள்.

கண்ணைத் திறந்தபோது பதினொன்று ஐம்பத்தெட்டு. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அதையே பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று விநாடி கிடந்தான். ஏழு மணியிலிருந்து நாலுவரை பந்த். டீசல் கதம். அப்படியானால் இது எப்படிச் சுற்றுகிறது? எதில் சுற்றுகிறது?

செருப்புப் போடவில்லை. படியில் இரண்டு இரண்டாக இறங்கினான்.

துறையில் சொர்ணம்மா இந்தக் கரையில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாக்குக் குலைக் கூடை. ஷோபனா நடு ஆற்றில், முழங்கால் தண்ணீரில், குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குனிந்து ஸ்பேனரால் எதையோ திருகிக்கொண்டிருந்தாள். வெயில், பறவைச் சத்தம், ஒரு குறையும் இல்லை. தம்பையா தண்ணீரைப் பார்க்கவில்லை. தண்ணீர் கடைசியில்தான் ஏறும். முதலில் சருகு வரும். பகலெல்லாம் கரையோரக் கல்லில் காய்ந்து கிடக்கிற படாக் மரத்துச் சருகை எல்லாம் வழியெங்கும் கூட்டி வாரிக்கொண்டுதான் அது வரும். மேலே வளைவில் பார்த்தான். பழுப்பாக ஒரு பாய் விரிகிற மாதிரி ஆற்றின் முழு அகலத்துக்கும் சருகு வந்துகொண்டிருந்தது.

"மேடம்! வெளில வாங்க! சோடோ, அதை உட்டுட்டு வாங்க!"

"ஒரே நிமிஷம் அண்ணா, ஒரு நட்டு மாட்டிக்கிச்சு…"

அவன் கல்லில் ஓடி, வழுக்கி, முட்டியில் அடிபட்டு, எழுந்து போய் அவள் மேல்கையைப் பிடித்தபோது சருகு அவர்கள் தொடையைத் தொட்டுவிட்டது. அவள் ஸ்பேனரை விடவில்லை. அவன் இழுத்தான். பெண்ணை இழுக்கிற மாதிரி இல்லை, சாக்கை இழுக்கிற மாதிரி. தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது கால் ஒருமுறை தரையை விட்டது. சொர்ணம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்கால்வரை இறங்கி நின்று கையை நீட்டினாள். மூன்று பேரும் கரையில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

திரும்பிப் பார்த்தபோது குழாய் இல்லை. அது இருந்த இடத்தில் தண்ணீர் ஒரு சுழி சுழித்துக்கொண்டிருந்தது. துறையின் கல் ஒன்றும் தெரியவில்லை.

ஷோபனா இருமினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பயந்திருப்பாள் என்று நினைத்தான். அவள் கண்ணில் வேறு ஒன்று இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மதியம் ஏறுது! அண்ணா, டைம் என்ன? பன்னெண்டு அஞ்சா? மூணு வருஷ டேட்டால, மழையில்லாத மாசத்துல இதுதான் ஃபர்ஸ்ட் டைம்! இதுவரைக்கும் ஒரு தடவைகூட…"

"ஏம்மா, மொதத் தடவையா?" என்றாள் சொர்ணம்மா. கூடை தப்பித்ததா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்ப எங்க ஆடு ரெண்டும் ஆகாசத்துலயா போச்சு? ரெண்டும் சினை. இதே மாதிரி மத்தியானத் தண்ணிதான்."

"எப்போ?"

"ரெண்டு வருசம் இருக்கும். செவராத்திரிக்கு மறுநா. அன்னைக்கு மேல மழைன்னுல்லா இவன் சொன்னான்." தம்பையாவைப் பார்த்தாள். "அப்படித்தானய்யா? மழைதான?"

ஷோபனாவும் பார்த்தாள். அவளுக்கு அந்த வருடம் மனப்பாடம். சிவராத்திரிக்கு மறுநாள் பன்னிரண்டு மணிக்கு என்ன எண் என்று அவள் ரெஜிஸ்டரைத் திறக்க வேண்டியதே இல்லை. இருந்தாலும் மழையாகவும் இருக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ. பன்னிரண்டுக்குப் பிறகு வந்து மூன்றுக்குள் வடிந்திருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு பேரும் அவனுக்காக வழியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது. முட்டியிலிருந்து ரத்தம் வழிந்து பாதத்துக்கு வந்திருந்தது. தம்பையா அதைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மழை இல்ல. டீசல் இல்லாம பகல்ல தொறந்துட்டாங்க. இன்னைக்கு மாதிரியேதான்."

"அப்போ ரீடிங்?"

"நான் எறங்கல மேடம். அன்னைக்கு மட்டும் இல்ல. அந்த நாலு மாசமும் எறங்கல. படுத்துகிட்டே எழுதுனது."

சொர்ணம்மா கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டாள், யாரும் தூக்கிவிடாமலே.

"நீ படுத்துக் கெடந்தது தெரியும்ல. பொண்டாட்டி போயிட்டான்னு ஊருக்கே தெரியும். அதுக்குத்தான தெனம் கொழம்பு கொண்டாந்து வச்சேன். மழைன்னு ஏன் சொன்ன?" என்றாள். "தெனமும் ஒன் பேச்சைக் கேட்டுட்டுல்லா நான் ஆத்துல எறங்குதேன்."

விறுவிறுவென்று மேட்டில் ஏறிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

*

ஷெட்டில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஷோபனா உடை மாற்றிக்கொண்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மேசைக்கு முன் உட்கார்ந்தாள். "நான் இறங்கியிருக்கேன் அண்ணா. அந்த டேட்டாவை நம்பி" என்றாள். அவன் சுவரோரமாக நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, "லெட்டரை எடுத்துக்கறேன்" என்றாள். அவன் ரெஜிஸ்டரைத் தூக்கி, அடியிலிருந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தான்.

"ரிப்போர்ட்ல எழுதித்தான் ஆகணும். உங்க பேரு போட மாட்டேன்." நிறுத்தினாள். "ஆனா அளவு பாக்கற கேஜ் ரீடர்னு இங்க ஒருத்தர்தானே இருக்கீங்க."

"ஆமா மேடம்."

"ஏன் அண்ணா, ஒரு லீவு எழுதிக் குடுத்திருந்தா?"

தினக்கூலிக்கு ஏது லீவு என்று அவன் சொல்லவில்லை. அது காரணமும் இல்லை. அவள் திரையைத் திறந்தாள். அந்தச் சீப்புப் பற்கள் வந்தன. அவள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுத்து அடையாளம் வைத்தாள், ஜனவரி ஆறு முதல் ஏப்ரல் இருபத்தேழுவரை. அவனிடம் தேதிகளைக் கேட்டாள். அவன் நாள் பிசகாமல் சொன்னான். ஒரு பொத்தானைத் தட்டினாள்.

கோடு ஜனவரியில் வந்து நின்றது. அப்புறம் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை. ஏப்ரல் கடைசியில் நாற்பத்திரண்டில் மறுபடி ஆரம்பித்தது.

"அந்த எடத்துல என்னா போடுவீங்க?" என்றான்.

"ஒண்ணும் போடக் கூடாது. தெரியலைன்னா காலியாத்தான் விடணும்."

தம்பையா கிட்டே வந்து குனிந்து பார்த்தான். இரண்டு விரல் அகலம் இருக்கும். விசிறிக் காற்றில் எங்கிருந்தோ அந்த ஈ மறுபடி வந்து அந்த வெள்ளையின் நடுவில் உட்கார்ந்தது. அவன் விரட்டவில்லை.

மூன்று மணிக்கு இறங்கிக் கம்பத்தைப் பார்த்தான். நூற்றுப் பதினொன்று. எழுதினான். பலகை நடுகிற ஆட்கள் வந்தார்கள், ஷோபனா அவர்களிடம் இந்தியில் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பினாள். பலகையைச் சுவர்ப்பக்கம் முகம் திருப்பி வைத்தாள். வெளிச்சம் போவதற்குள் ஊருக்குப் போகிற ஜீப்பைப் பிடிக்க வேண்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டாள். போய்வருகிறேன் என்று சொன்னாளா, வெறுமனே தலையை ஆட்டினாளா என்று பிறகு அவனுக்கு ஞாபகம் வரவில்லை. வாசல்படியில் சொர்ணம்மாவின் குழம்புக் கிண்ணம் நேற்றிலிருந்து கழுவி வைத்தபடி இருந்தது. இன்றைக்கு அதை எடுக்க யாரும் வரவில்லை.

ஆறு மணிக்கு அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். வழக்கமாக இந்நேரம் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். இன்றைக்கு எவ்வளவு இருக்கும், பகலெல்லாம் திறந்துவிட்டதில் மேலே எவ்வளவு மிச்சம் இருக்கும், டீசல் கப்பல் வந்ததா வரவில்லையா, ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. படியில் கடைசிக்கு முந்தின கல்லில் நின்றான். ரெஜிஸ்டரில் தேதியும் நேரமும் மட்டும் எழுதியிருந்தது, பக்கத்தில் கட்டம் காலியாக இருந்தது. டார்ச்சை அடித்தான். கம்பத்தின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மேல் வெளிச்சம் ஆடியது. தண்ணீர் ஒரு கோட்டில் நிற்காமல் மேலும் கீழுமாக அலைந்துகொண்டிருந்தது. அது ஓரிடத்தில் நிற்கட்டும் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.